தென் ஆஸ்திரேலியா: மழை போட்ட எல்லை

கேள்வி இதுதான்: தென் ஆஸ்திரேலியா வரைபடத்தில் இவ்வளவு பெரிதாக இருக்கிறது. ஊர்களோ தென்கிழக்கு மூலையிலும் கடலோரத்திலும் மட்டும் நெருங்கிக் கிடக்கின்றன. ஏன்? அந்த மாநிலத்தின் வரலாற்றையும் புவியியலையும் சேர்த்து விளக்க முடியுமா? நேரில் போனால் எங்கே பார்த்தால் இது புரியும்?

சுருக்கமான பதில், மழை. ஆனால் "மழை குறைவு" என்று சொல்லி நிறுத்திவிட்டால் பாதிகூட விளங்காது. எவ்வளவு மழை, எந்த மாதத்தில், எந்த இடம்வரை என்பதைத் தெரிந்துகொள்ள அங்கே குடியேறியவர்களுக்கு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பாடத்துக்கு விலையாகச் சில ஊர்களையே பாழாக விட்டுவிட்டு வந்தார்கள்.

முதலில் அளவுகள். பரப்பு சுமார் 9 லட்சத்து 84 ஆயிரம் சதுர கி.மீ. 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை ஏறக்குறைய 17 லட்சத்து 81 ஆயிரம். அதில் நூற்றுக்கு 78 பேர் அடிலெய்டு பெருநகரில் இருந்தார்கள். ஆஸ்திரேலிய மாநிலங்களில் மிக வறண்டது இதுவே. நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆண்டு மழை 250 மி.மீ.க்கும் குறைவு.

எல்லைகளோ லண்டனில் அளவுகோல் வைத்துக் கிழித்தவை. வடக்கே 26 பாகை அட்சரேகை, கிழக்கே 141 பாகை தீர்க்கரேகை. மேற்கே முதலில் 132 பாகை. 1861இல் அதை 129க்குத் தள்ளினார்கள். கிழக்கு எல்லையில் ஒரு வேடிக்கை உண்டு. விக்டோரியாவை ஒட்டிய பகுதியை 1847 முதல் அளந்தவர்கள் அன்றைய கருவிகளை நம்பிக் கோட்டை மூன்றரைக் கி.மீ. அளவுக்கு மேற்கே போட்டுவிட்டார்கள். மர்ரே ஆற்றுக்கு வடக்கே, நியூ சவுத் வேல்ஸ் எல்லையை 1868இல் தந்தி வழியாக நேரம் ஒத்துப்பார்த்து அளந்தபோது பிழை வெளிப்பட்டது. வழக்கு, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1914இல் விக்டோரியா பக்கம் தீர்ப்பானது. அதனால்தான் இன்றும் வரைபடத்தில் மர்ரே ஆற்றருகே அந்த நேர்கோடு சற்றே முறிந்திருக்கிறது.

இந்தக் கோடுகள் நிர்வாகத்துக்குப் போதும், வாழ்க்கைக்கு உதவாது. மாநிலத்தின் உண்மையான எல்லை உள்ளே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளக் காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். குளிர்காலத்தில், அதாவது மே முதல் செப்டம்பர்வரை, தென்கடலிலிருந்து மேற்குக் காற்று மழையைக் கொண்டுவருகிறது. ஸ்பென்சர், செயிண்ட் வின்சென்ட் என்ற இரு வளைகுடாக்கள் கடலை நிலத்துக்குள் ஆழமாகக் கொண்டுவந்திருக்கின்றன. அவற்றுக்குக் கிழக்கே லாஃப்டி மலையும் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரும் தெற்கு வடக்காக நிற்கின்றன. மலையில் முட்டும் ஈரக்காற்று அங்கேயே இறங்கிவிடுகிறது. அடிலெய்டு சமவெளியில் 500 மி.மீ. சொச்சம் பெய்தால், அரைமணிக் கார் தூரத்தில் மலைமேல் அதைப்போல் இரு மடங்கு. வடக்கே போகப் போகக் குறைந்துகொண்டே வரும்: கிளேரில் 630, வடக்குக்கோடி மரீயில் 160. கோடையில் உயர் அழுத்த வளையம் தெற்கே இறங்கி உட்கார்ந்துவிடும். அப்போது தெற்கிலும் வறட்சிதான். 1960 ஜனவரி 2 அன்று வடக்கேயுள்ள ஊட்னடட்டாவில் வெப்பம் 50.7 பாகை செல்சியஸ் பதிவானது.

1836இல் வந்தவர்களுக்கு இதில் எதுவும் தெரியாது. அவர்கள் வந்த விதமே தனி. மற்ற குடியேற்றங்களைப்போல் இது கைதிகளை இறக்கிவிட்ட இடமில்லை. எட்வர்டு கிப்பன் வேக்ஃபீல்டு என்பவர், பணக்காரப் பெண்ணொருத்தியைக் கடத்திய குற்றத்துக்காக நியூகேட் சிறையில் இருந்துகொண்டு, ஆஸ்திரேலியாவைப் பார்க்காமலே எழுதிய திட்டம் இதன் அடிப்படை. நிலத்தை இலவசமாகக் கொடுத்தால் எல்லாரும் முதலாளியாவார்கள், கூலிக்கு ஆள் கிடைக்காது. ஆகவே நிலத்துக்கு விலை வை, அந்தப் பணத்தில் தொழிலாளிகளைக் கப்பல் கட்டணம் கொடுத்து வரவழை என்பது அவர் கணக்கு. 1834இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டமாக்கியது. 1836 பிப்ரவரியில் வந்த அரச ஆணையில், அங்குள்ள பூர்வகுடிகளின் நில உரிமை பாதிக்கப்படக்கூடாது என்று ஒரு வரியும் இருந்தது. அந்த வரியை ஒருவரும் மதிக்கவில்லை. அடிலெய்டு சமவெளியின் கவுர்னா மக்களுக்கு ஒரு கையகல இடம்கூட அதன்படி ஒதுக்கப்படவில்லை.

முதல் கப்பல் 1836 ஜூலை 27 அன்று கங்காரு தீவின் கிங்ஸ்கோட்டில் நின்றது. பாதுகாப்பான துறைமுகம், சீல் வேட்டைக்காரர்கள் ஏற்கெனவே பழகிய இடம். ஆனால் நல்ல தண்ணீர் போதவில்லை, மண்ணும் கைகொடுக்கவில்லை. சில ஆண்டுகளில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். இந்த மாநிலத்தின் முதல் பாடமும் தண்ணீர்தான் என்பதைக் கவனியுங்கள்.

தலைநகருக்கு இடம் தேடும் வேலை கர்னல் வில்லியம் லைட் கையில் இருந்தது. பினாங்கில் ஆங்கிலேயர் குடியிருப்பை நிறுவிய ஃபிரான்சிஸ் லைட்டின் மகன் இவர். ஆளுநர் ஹிண்ட்மார்ஷ் கடற்படைக்காரர். துறைமுகத்தை ஒட்டியே ஊர் வேண்டும் என்றார். லைட் அசையவில்லை. டோரன்ஸ் ஆற்றின் கரையில், கடலிலிருந்து சுமார் பத்துக் கி.மீ. உள்ளே, வெள்ளம் ஏறாத மேட்டைத் தேர்ந்தார். மலைக்கும் கடலுக்கும் நடுவே இருப்பதால் மழையும் கிடைக்கும், ஓடைகளும் இறங்கிவரும் என்பது காரணம். 1837 ஜனவரி 11இல் அளவை தொடங்கி மார்ச் 10இல் முடித்தார்: ஆற்றுக்குத் தெற்கே 700 மனைகள், வடக்கே 342, ஒவ்வொன்றும் ஓர் ஏக்கர். நகரைச் சுற்றிப் பூங்கா வளையம். அந்த வளையம் பெரும்பாலும் அப்படியே இருப்பதால், இன்றைய அடிலெய்டு வரைபடத்தில் லைட் போட்ட கட்டம் ஒரு பார்வையிலேயே தெரியும். அவரோ 1839இல், நகரம் உருவாகத் தொடங்கியபோதே, காசநோயால் இறந்துபோனார்.

நான்கே ஆண்டில் மாநிலக் கஜானா காலி. நிலத்தை வாங்கியவர்கள் பயிரிடாமல் மனை வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். காப்பாற்றியது தாமிரம்: 1842இல் கப்பண்டாவில் கண்டுபிடித்தார்கள், 1845இல் பர்ராவில் அதைவிடப் பெரியது. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். பர்ராவில் வீட்டு வாடகை கட்டுப்படியாகாமல் ஓடைக் கரையின் களிமண்ணைக் குடைந்து வீடாக்கிக்கொண்டவர்கள் 1851 வாக்கில் 1,800 பேர். ஆண்டில் பாதி நாள் வறண்டு கிடக்கும் ஓடைதானே என்ற நினைப்பு. 1851இல் வெள்ளம் வந்து அந்தக் குடைவரைகளை அழித்தது. இரண்டு குடைவரைகள் இன்றும் பார்வைக்கு இருக்கின்றன. உள்ளே நின்றால் கூரையைக் கை தொடும்.

1838 முதல் மத நெருக்கடியிலிருந்து தப்பி வந்த பிரஷ்ய லுத்தரன்கள் ஹான்டார்ஃபிலும் பரோசாவிலும் ஊர் அமைத்தார்கள். இவர்கள் வழியாக வந்த திராட்சைக்கு ஒரு தனிச் சிறப்பு: ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபைலாக்செரா என்ற வேர்ப்பேன் இந்த மாநிலத்துக்குள் இதுவரை நுழையவில்லை. பரோசாவில் 1840களில் நட்ட கொடிகள் இன்னும் காய்க்கின்றன. அந்தப் பூச்சி காலணி மண்ணில் ஒட்டிக்கொண்டு பயணிக்கும் என்பதால், தோட்டத்தில் காலைத் தூக்கிவைக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும்.

நில உரிமைப் பதிவில் 1858ஆம் ஆண்டின் டோரன்ஸ் சட்டம் இங்கே பிறந்தது. பழைய பத்திரங்களைத் தலைமுறை தலைமுறையாகச் சரிபார்க்கும் தொல்லையை ஒழித்து, அரசுப் பதிவேட்டில் இருக்கும் பெயரே உரிமை என்றாக்கியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீடு வாங்கும் தமிழர்களுக்குக் கிடைக்கும் உரிமைப் பத்திரம் இந்த முறையின் வழிவந்ததே. 1894 டிசம்பரில் பெண்களுக்கு வாக்குரிமையோடு தேர்தலில் நிற்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இவையெல்லாம் பெருமைக்குரியவை. ஆனால் மாநிலத்தின் உருவத்தைத் தீர்மானித்த ஆவணம் என்று ஒன்றைத்தான் சொல்லச் சொன்னால், நான் 1865இல் வரைந்த ஒரு கோட்டையே சொல்வேன்.

ஜார்ஜ் கோய்டர் அப்போது தலைமை நில அளவையாளர். 1864–65இல் வடக்கே கடும் வறட்சி. ஆடு வளர்ப்பவர்கள் குத்தகையைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். யாருக்குக் குறைப்பது, எதுவரை வறட்சி என்று பார்த்துச் சொல்லும்படி அரசு அவரை அனுப்பியது. குதிரைமேல் ஏறக்குறைய 3,200 கி.மீ. சுற்றிவிட்டு, டிசம்பரில் வரைபடத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார். அது விவசாயத்துக்காகப் போட்ட கோடே இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அந்தக் கோட்டின் தடம் இது. மேற்குக் கரையில் செடூனா அருகே தொடங்கி, ஐர் தீபகற்பத்தைக் குறுக்கே வெட்டி, ஆர்னோ பே பக்கம் ஸ்பென்சர் வளைகுடாவைத் தொடுகிறது. எதிர்க்கரையில் மூண்டாவுக்கு அருகிலிருந்து வடக்கே கிரிஸ்டல் புரூக் வழியாக ஒரோரூவரை ஏறுகிறது. அங்கிருந்து தென்கிழக்காகத் திரும்பி, பீட்டர்பரோ, பர்ரா வழியாக விக்டோரியா எல்லையில் பின்னரூ பக்கம் முடிகிறது. மலைத்தொடர் இருக்கும் இடத்தில் கோடு வடக்கே மூக்கை நீட்டுவதைப் பார்த்தாலே, முன்னே சொன்ன மழைக்கணக்கு புரிந்துவிடும்.

மழைமானியே இல்லாத காட்டில் அவர் இதை எப்படிப் போட்டார்? செடியைப் பார்த்து. தெற்கே மல்லி என்ற குட்டை யூகலிப்டஸ்: மண்ணுக்கடியில் பெரிய கிழங்குபோன்ற வேர்க்கட்டை, அதிலிருந்து ஐந்தாறு தண்டுகள், உச்சியில் மட்டும் இலை. வடக்கே சால்ட்புஷ்: முழங்கால் உயரம், சாம்பல் பூத்த நீலப்பச்சை, இலையில் மாவு படிந்ததுபோல் செதில், கடித்தால் கரிக்கும். இரண்டும் பல்லாண்டுத் தாவரங்கள். ஒரு வருட மழையில் புல் முளைத்து ஏமாற்றும். மல்லி முளைத்து மரமாகாது. ஒரு செடி அங்கே நிற்கிறதென்றால் பல பத்தாண்டுகளின் மழையைச் சராசரி எடுத்து நிற்கிறது என்று பொருள். மல்லி தேய்ந்து சால்ட்புஷ் தொடங்கும் இடத்தில் அவர் கோட்டைப் போட்டார். பின்னாளில் மழை அளவுகளோடு ஒப்பிட்டபோது, ஆண்டுக்கு 250 முதல் 300 மி.மீ. பெறும் கோட்டோடு பெரும்பாலும் பொருந்தியது.

இந்தப் பாடத்தை அவர் சும்மா கற்கவில்லை. 1857இல், நல்ல மழைக்குப் பின், வடக்கேயுள்ள உப்பு ஏரிப் பகுதிக்குப் போய், நன்னீரும் பசுமையும் நிறைந்த நாடு என்று அறிக்கை கொடுத்தவரும் இதே கோய்டர்தான். அடிலெய்டே கொண்டாடியது. அவருடைய மேலதிகாரி ஃப்ரீலிங் சில மாதம் கழித்துப் படகையும் எடுத்துக்கொண்டு போனார். படகு மிதக்க ஆழமில்லை. மீதி சேறும் கானல்நீரும். ஒரு பருவத்தைப் பார்த்து நிலத்தை மதிப்பிடக்கூடாது என்று எட்டு வருடம் கழித்து அவர் அவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்கு இந்த அவமானம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

1869இல் நிலத்தைக் கடனுக்கு விற்கும் சட்டம் வந்தது. ஒருவருக்கு 640 ஏக்கர்வரை. 1872இல், கோய்டர் கோட்டுக்கு வடக்கே கடன் விற்பனை கிடையாது என்று சட்டம் சொன்னது. பிறகு தொடர்ந்து நல்ல மழை. கோட்டுக்கு அப்பாலும் பயிர் பச்சையாக நின்றது. பத்திரிகைகள் கோய்டரைக் கேலி செய்தன. கலப்பை போகும் இடத்துக்கு மழையும் பின்னால் வரும் என்ற கோட்பாடு அமெரிக்காவிலிருந்து வந்து இங்கேயும் ஒட்டிக்கொண்டது. உழுதால் மண் ஈரத்தை வெளியிடும், அது மேகமாகும் என்பது வாதம். 1874இல் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். ஹாமண்ட், கேரியட்டன் என்று சதுரக் கட்டம் போட்ட ஊர்கள் முளைத்தன. இன்னும் வடக்கே, கவர்ன்மெண்ட் கம்ஸ் என்ற இடத்தை, கோதுமை கொழிக்கும் என்ற நம்பிக்கையில் 1878இல் ஃபரினா என்று பெயர் மாற்றினார்கள். 1880இல் மழை நின்றது. அடுத்த இரண்டு வருடமும் அதே கதி. விதைத்த விதைகூடத் திரும்பவில்லை. கடனைக் கட்ட முடியாமல், கல் வீடுகளை அப்படியே விட்டுவிட்டுத் தெற்கே இறங்கினார்கள்.

மழை படிப்படியாகத்தானே குறைகிறது, பிறகு ஏன் ஒரு கோடு போட்டாற்போல் விவசாயம் நின்றுவிடுகிறது? இதற்கான கணக்கை 1984இல் பிரெஞ்ச், ஷுல்ட்ஸ் என்ற இரு தென் ஆஸ்திரேலிய வேளாண் ஆய்வாளர்கள் எளிமையாகக் கொடுத்தார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர்வரை பெய்த மழையை மி.மீ.யில் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 110ஐக் கழியுங்கள். அது மண்ணிலிருந்து ஆவியாகப் போகும் பங்கு. மீதியை 20ஆல் பெருக்கினால், ஒரு ஹெக்டேருக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சக் கோதுமை, கிலோவில். 300 மி.மீ. பெய்தால் 3,800 கிலோ. 200 பெய்தால் 1,800. 150க்கு 800. 110க்குச் சுழியம். மழை பாதியாகும்போது விளைச்சல் ஐந்தில் ஒன்றுக்குச் சரிகிறது. அந்த 110தான் வில்லன். கோட்டுக்கு வடக்கே சராசரி 200 என்று தாளில் இருக்கும். ஆனால் அது 310ம் 90ம் மாறி மாறி வந்த சராசரி. நல்ல வருடத்தில் சம்பாதித்ததை அடுத்த வருடம் தின்றுவிடும். அந்தக் கணக்கு தருவதும் உச்சவரம்புதான், தாமதமாக விதைப்பதும் களையும் பூக்கும் நேரத்து உறைபனியும் இன்னும் குறைக்கும். இன்று உழாமல் நேரடியாக விதைத்து, போன அறுவடையின் தாளைக் களத்திலேயே விட்டு, கோடை மழையின் ஈரத்தையும் சேமிக்கிறார்கள். இதனால் கோட்டை ஒட்டியும் சற்றுத் தாண்டியும் பயிரிட முடிகிறது. 2024இலும் 2025இன் தொடக்கத்திலும் விவசாயப் பகுதிகள் பலவற்றில் வரலாறு காணாத வறட்சி அடித்தபோது, கோட்டுக்குத் தெற்கே இருந்தவர்களும் தீவனத்துக்கு அலைந்தார்கள். கோடு தெற்கே நகர்கிறது என்று சொல்பவர்கள் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

மல்லிக் காட்டைத் திருத்துவதும் லேசாக நடக்கவில்லை. மரத்தை வெட்டினாலும் அடிக்கட்டை மண்ணுக்குள் இருக்கும். கலப்பைக் கொழு அதில் மோதி உடையும். 1876இல் யார்க் தீபகற்பத்தில் ஸ்மித் சகோதரர்கள் இதற்கு வழி கண்டார்கள். ஒவ்வொரு கொழுவையும் தனித்தனிக் கீலில் மாட்டி, பின்னால் எடை வைத்தார்கள். கட்டையில் மோதினால் அந்தக் கொழு மட்டும் மேலெழும்பித் தாண்டி, எடையின் இழுப்பில் மறுபடி மண்ணுக்குள் இறங்கும். கட்டை அங்கேயே இருக்க, நிலம் உழவாகிவிடும்.

மழை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கவில்லை என்பதற்குத் தெற்கில் இரண்டு சாட்சிகள் உண்டு. அடிலெய்டிலிருந்து விக்டோரியா போகும் வழியில் 'தொண்ணூறு மைல் பாலைவனம்' என்று அழைக்கப்பட்ட பகுதிக்கு 450 மி.மீ. அளவுக்கு மழை உண்டு. ஆனாலும் பயிர் வராது, ஆடு தேறாது. காரணம் மண்ணில் தாமிரமும் துத்தநாகமும் இல்லாதது. சூப்பர்பாஸ்பேட்டோடு ஏக்கருக்குச் சில ராத்தல் மயில்துத்தமும் துத்தநாக சல்பேட்டும் கலந்து போட்டதும், 1940களின் இறுதியிலிருந்து அது மேய்ச்சல் நிலமானது. ரோப் ஊர்க் கடற்கரையில் பச்சைப் புல்லைத் தின்றும் ஆடுகள் எலும்பாகிச் செத்தன. புல்லில் கோபால்ட் இல்லாததே காரணம் என்று 1930களில் அடிலெய்டு ஆய்வகத்தில் கண்டுபிடித்தார்கள்; அதில்லாமல் ஆட்டின் இரைப்பையில் பி12 வைட்டமின் உருவாகாது என்பது பின்னர்தான் தெரிந்தது.

இரண்டாவது சாட்சி இன்னும் விசித்திரம். வறண்ட மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில் தண்ணீரை வெளியேற்றப் பெரும் செலவு செய்தார்கள். அங்கே பழைய கடற்கரை மணல்மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைக்கு இணையாக நிற்கின்றன. குளிர்கால மழை மேடுகளுக்கு இடையே தேங்கும்; கடலுக்குப் போக வழியில்லை. 1860களிலேயே, இதே கோய்டரின் மேற்பார்வையில், மேடுகளை வெட்டிக் கால்வாய்கள் தோண்டினார்கள். இன்று 2,000 கி.மீ.க்கு மேல் நீளும் வலை அது. ஈரநிலங்கள் பெரும்பாலும் அழிந்தன. மர்ரே ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய கூரோங் கழிமுகத்துக்குப் போக வேண்டிய நன்னீரும் நேராகக் கடலில் விழுந்தது. இப்போது அதில் ஒரு பகுதியை மறுபடி கூரோங் பக்கம் திருப்பிவிடுகிறார்கள்.

மர்ரே ஆறு இல்லாவிட்டால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் அடிலெய்டைக் காப்பாற்றாது. கிழக்கு மாநிலங்களின் மலைகளில் பிறந்து, கடைசி 650 கி.மீ. மட்டும் இங்கே ஓடுகிறது. கடைமடைக்காரனின் கவலை தமிழ் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒப்பந்தப்படி தென் ஆஸ்திரேலியாவுக்கு ஆண்டுக்கு 1,850 கிகாலிட்டர். ஒரு கிகாலிட்டர் என்பது நூறு கோடி லிட்டர். இதில் 696, உப்பைக் கரைத்து நீர்க்கச் செய்யவும் ஆவியாதலுக்கும். மீதிதான் குடிக்கவும் பாசனத்துக்கும். உப்பு அங்கே தீராத தலைவலி: ஆற்றங்கரையின் அடியில் பழைய கடல் உப்பு ஊறிய நிலத்தடி நீர் இருக்கிறது, பாசனம் அதை ஆற்றுக்குள் தள்ளுகிறது. ஆழ்குழாய் வரிசை போட்டு அந்த உப்புநீரை இடைமறித்து வேறிடத்தில் கொட்டுகிறார்கள்.

1944இல் மர்ரேக் கரையிலுள்ள மோர்கனிலிருந்து ஒயாலா எஃகுநகருக்குச் சுமார் 360 கி.மீ. குழாய் போட்டார்கள். 1955இல் மேனமிலிருந்து அடிலெய்டுக்கு மலை ஏற்றிக் குழாய் வந்தது. வறண்ட வருடத்தில் நகரின் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குவரை மர்ரேயிலிருந்துதான். முகத்துவாரத்தில் கடல்நீர் ஏறாமலிருக்க 1940இல் ஐந்து தடுப்பணைகள் கட்டி முடித்தார்கள். 2000களின் நீண்ட வறட்சியில் ஆறு கடலை எட்டவேயில்லை. 2009இல் முகத்துவாரத்தருகே உள்ள அலெக்சாண்ட்ரினா ஏரியின் மட்டம் கடல் மட்டத்துக்கும் கீழே போனது. நீர் வற்றியதும் ஏரித்தரையின் கந்தக மண் காற்றுபட்டுக் கந்தக அமிலமாகத் தொடங்கியது. விமானத்திலிருந்து சுண்ணாம்புக்கல் தூவி அடக்கினார்கள். அந்தப் பயத்தில் கட்டியதுதான் லான்ஸ்டேல் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம். ஆண்டுக்கு 100 கிகாலிட்டர், நகரின் தேவையில் ஏறக்குறைய பாதி.

வடக்கு வெறுமை என்று நினைத்துவிடக்கூடாது. பெரும் ஆர்ட்டீசியன் படுகை என்ற மாபெரும் நிலத்தடி நீர்த்தேக்கத்தின் விளிம்பில், ஐர் ஏரிக்குத் தெற்கும் மேற்குமாக ஊற்றுகள் வரிசையாக இருக்கின்றன. அரபனா போன்ற பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அந்த ஊற்றிலிருந்து இந்த ஊற்றுக்கு என்றுதான் பயணித்தார்கள். 1872இல் சார்ல்ஸ் டாட் போட்டு முடித்த, போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின்வரை 3,200 கி.மீ. தந்தித் தடமும், வடக்கே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போன பழைய கான் ரயிலும் தண்ணீர் தேடி அதே ஊற்றுகளைத்தான் பின்பற்றின. நிலத்தை ஆளில்லாதது என்று எண்ணியதன் மோசமான விளைவு மாரலிங்கா. 1956–57இல் பிரிட்டன் அங்கே ஏழு அணுகுண்டுகள் வெடித்தது. அதற்கு முன் 1953இல் ஈமு ஃபீல்டில் இரண்டு. அங்கிருந்த அனங்கு பூர்வகுடி மக்களை அவர்கள் மண்ணிலிருந்து அப்புறப்படுத்தியும், எல்லாரும் வெளியேறிவிட்டார்களா என்று ஒழுங்காகப் பார்க்கவில்லை. நிலம் 1984இல் மாரலிங்கா ஜாருட்ஜா மக்களிடம் திரும்பியது. சரியான சுத்திகரிப்பு 2000வரை இழுத்தது.

ஐர் ஏரி கடல் மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே, ஆஸ்திரேலியாவின் மிகத் தாழ்ந்த இடம். உள்ளூர் மழையால் அது நிரம்புவதில்லை. குயின்ஸ்லாந்தில் பெய்த மழை வாரக்கணக்கில் ஊர்ந்து வர வேண்டும். 1974இல் வந்ததுபோன்ற பெருவெள்ளம் அபூர்வம்.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். அடிலெய்டிலிருந்து கிளேர், ஜேம்ஸ்டவுன், ஒரோரூ, கேரியட்டன், ஹாக்கர் என்று வடக்கே போங்கள். சுமார் 400 கி.மீ., முழுக்கத் தார்ச்சாலை. செப்டம்பரில் போனால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கிளேரில் திராட்சை, ஜேம்ஸ்டவுனில் இருபக்கமும் பச்சைக் கோதுமை, ஒரோரூ தாண்டியதும் வேலிக்குள் பயிர் போய்ச் சாம்பல் நிறச் செடி. கோய்டர் கோடு இங்கே போகிறது என்று சில சாலையோரங்களில் பலகையும் வைத்திருக்கிறார்கள். ஹாக்கரிலிருந்து குவோர்ன் பக்கம் திரும்பினால் வழியில் கன்யாகா பண்ணையின் இடிபாடுகள். அது ஆட்டுப் பண்ணை. கோதுமைக்காரர்கள் வருவதற்கு முன்பே வறட்சியில் அடிவாங்கிய இடம்.

ஹாக்கருக்கு வடக்கே, தார் முடிந்தபின் மண்சாலையில் போவதென்றால் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 முதல் 10 லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்க வேண்டும். சிறிய மழை பெய்தாலும் களிமண் சாலைகளை மூடிவிடுவார்கள். பலகையை மீறிப் போனால் வண்டி புதைவதோடு அபராதமும் உண்டு. விக்டோரியாவிலிருந்து ஸ்டர்ட் நெடுஞ்சாலை வழியே வந்தால் யம்பா சோதனைச் சாவடியில் பழங்களை எடுத்துக்கொள்வார்கள். பழ ஈ பயம். அடிலெய்டில் வாங்கிய பழத்தையும் மர்ரேக் கரையின் ரிவர்லேண்ட் பகுதிக்குள் கொண்டுபோகத் தடை உண்டு. விதிகள் அடிக்கடி மாறுவதால், சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவதே எளிது.